மூன்றாவது சவுக்கு மரத்து ஒட்டு

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன், கொட்டகலை பஸ் நிறுத்தத்தில் மரக்கறி வியாபாரி ஒருவர் என்னை மறித்தார். கையில் பளபளப்பான துண்டுப்பிரசுரம். வீட்டு இணைய இணைப்புக்கு நான்கு வேகங்கள், நான்கு விலைகள், நான்கு நிறங்களில்.

"அண்ணே, நீங்க அந்தத் தொழில்ல இருந்தவரு. உள்ளதச் சொல்லுங்க. இதுல ஆகக் கூடின வேகத்த எடுத்தா, குடுக்கிற காசுக்குத் தகுமா?"

"ரோட்டுல இருக்கிற கடைசி கம்பத்துல இருந்து உங்க வீடு எத்தன மீட்டர்?" என்றேன்.

"சீனி விலை கேட்டா ரோட்டு நீளத்தக் கேக்கிறீங்களே!" என்று அவர் சிரித்தார். அதற்குள் தலவாக்கலை பஸ் வந்துவிட்டது. துண்டுப்பிரசுரத்தால் தலையை மறைத்துக்கொண்டு தூறலில் ஓடி ஏறிவிட்டார். அவருக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில்.

தொலைபேசித் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்தேன். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒன்றாகச் சட்டைப்பைக் குறிப்பேடுகள் முப்பத்தொன்று, ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கின்றன. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வீடு, என்ன பழுது, வானம் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரி எழுதுவேன். வெயிலுக்கு ‘வெ’, மழைக்கு ‘ம’, பனி மூட்டத்துக்கு ‘ப’. நூலகத்தில் பழைய பயணிகளின் நாட்குறிப்புகளை எடுத்து வாசித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்த மனிதர்கள் மழையைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள். என் குறிப்பேடுகளை யாரும் வாசிக்கப் போவதில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பக்கத்தை, இன்னொருவர் வாசிக்க வேண்டி வந்தது.

கம்பம் சுமக்கும் ஆளாகச் சேர்ந்தேன். கொழும்பில் சில மாதங்கள் பயிற்சி. ஏணி, இடுப்புப் பட்டி, செப்புக் கம்பியை முறுக்கிச் சேர்க்கும் விதம், இடி முழங்கும்போது எதைத் தொடக்கூடாது என்பது. திரும்பி வந்து ஹட்டன் அலுவலகத்தில் பொருத்துநர் ஆனேன். அப்போது வீட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: ரிசீவரைத் தூக்கினால் சத்தம் வருகிறதா? பிறகு இணையம் வந்தது. எல்லோரும் வேகத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள்.

என் கடைசிப் பதினைந்து ஆண்டுகளும் ஒரே மேலதிகாரியின் கீழ் கழிந்தன. பெயர் அபேசிங்க. எல்லோருக்கும் அபேசிங்க மாத்தயா, சிங்களத்தில் ஐயா. கறுப்புக் கம்பளிச் சட்டை, பக்கத்தில் ஆறிப்போன பிளேன்டீ, பிளேடால் சீவிய சிவப்புப் பென்சில். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் வேலைத்தாள்களின் ஓரங்களைத் தட்டித் தட்டி ஒரே நேராக அடுக்குவார். அந்தத் தட்டல் கேட்டாலே வாசலில் நிற்பவர்கள் தங்கள் தாளை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வேலைத்தாளையும் வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி சிங்களத்தில் வரும்: "மீட்டர் கீயத?" எத்தனை மீட்டர் கம்பி போனது என்று. நாம் சொல்வதும் தாளில் இருப்பதும் பொருந்தினால் கையெழுத்து வைத்து, அடியில் ஒரு சிவப்புக் கோடு போடுவார். ஒரு தடவை நான் வாயால் ஒன்று சொல்லி, தாளில் வேறொன்று எழுதியிருந்தேன். திட்டவில்லை. "போய் அளந்துட்டு வாங்க" என்றார். வீடு ராகலைக்கு அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போய், அளந்து, சாயந்தரம் ஐந்தேகாலுக்குத் திரும்பினேன். அதுவரை அவரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

வேகம் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஹட்டன் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், கடைக்கு மேலேயே குடியிருந்தார். இணையம் மெதுவாக இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். ஆக உயர்ந்த பெக்கேஜுக்கு வந்த பிறகும் மாடியில் அவர் மகனுக்குப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், ரவுட்டர் கடைக்குள், இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய அலுமினியச் சட்டிகளுக்கும் இட்லிப் பானைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. களவு போகாத இடமாம். அதை எடுத்து மாடிப்படியின் திருப்பத்தில் ஆணி அடித்து மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. முதலாளி மகனின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் ரெண்டு வருசமா சட்டிக்குத்தான் இன்டர்நெட் குடுத்துக்கிட்டு இருந்தேனா?"

"பானைக்கும் சேத்துத்தான் முதலாளி."

இந்தக் கதையைப் பல வருடம் சொல்லித் திரிந்தேன். கூடிய வேகத்துக்குப் பணம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் சட்டிக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பேன். சிரித்த நான் மறைத்து வைத்திருந்த ஒன்றை இனிச் சொல்ல வேண்டும்.

ரோட்டோரக் கடைசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கம்பிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதற்கு மேல் தூரம் இருந்தால் புதுக் கம்பம் நட வேண்டும். அதற்கு விண்ணப்பம், மதிப்பீடு, தேயிலைத் தோட்டத்து மேலாளரான துரையின் அனுமதி என்று மாதக்கணக்காகும். பல விண்ணப்பங்கள் திரும்பி வந்ததே இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களோ ரோட்டிலிருந்து பள்ளத்துக்குள் தள்ளித்தான் இருக்கும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற வேலைகளில் மிஞ்சும் துண்டுக் கம்பிகளை உரப்பையில் போட்டு வேனின் பின்னால் வைத்திருப்போம். கொடுத்த கம்பி முடிந்த இடத்தில் ஒரு துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, அதன் மேல் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, ஏதாவது ஒரு மரத்தில் கட்டிவிடுவோம். இதற்கு ‘ஒட்டு’ என்று பெயர். வேலைத்தாளில் அனுமதித்த உச்ச அளவை எழுதுவோம். ஒட்டைப் பற்றி எழுத மாட்டோம்.

இதை நாங்கள் குற்றமாக நினைக்கவில்லை, உபகாரம் என்றே நினைத்தோம். லயத்து ஆட்கள் டீயும் ரொட்டியும் தருவார்கள். ஒட்டுப் போட்டுக் கொடுத்தவர் நல்ல மனுசர், விதி பேசியவர் கல்நெஞ்சர். நான் நல்ல மனுசர் என்று பெயர் எடுத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் இருந்தது. ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு மேனகா போன் எடுத்தாள். தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், ஆறு வீட்டு லயத்தில் இரண்டாவது வீட்டுக் காம்பராவில் இருந்தவள். அப்பா இல்லை. அம்மா காமாட்சி தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டுக்கு நான்தான் இணைப்புக் கொடுத்திருந்தேன்.

"சேர், இன்னைக்கு வந்திருங்க. முறைப்பாடு நம்பரெல்லாம் குடுத்துட்டேன். நாலு நம்பர் இருக்கு எங்கிட்ட."

பதினொரு மணிக்குப் போனேன். மேனகாவுக்குக் கிடைத்திருந்த வேலை எங்கள் பகுதியில் நான் கேள்விப்படாதது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் நடுவில், இங்கிருந்தபடியே இணையத்தில் பேச்சை மொழிபெயர்த்துக் கொடுப்பது. உள் அறையில் ஒரு மேசை, காதில் மாட்டும் கருவி, சத்தம் போகாமலிருக்கச் சுவரில் தொங்கவிட்ட இரண்டு கம்பளி. தகரக் கூரைக்குக் கீழேயும் கம்பளி அடித்திருந்தார்கள்.

"பேசுறவங்க பாதிப் பேரு யாழ்ப்பாணத்து ஆளுங்க சேர். மொதல்ல அவங்க தமிழ் எனக்கு ஏறல. இப்ப நானும் அவங்க மாதிரியே கதைக்கிறேன்."

"வீட்டுக்குள்ள ரெண்டு மக இருக்கிற மாதிரி இருக்கு அண்ணே" என்றார் காமாட்சி. "ஒண்ணு போனுக்கு, ஒண்ணு சோத்துக்கு."

மேனகா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் பேச்சின் நடுவே மூன்று தடவை இணைப்பு அறுந்தால் வேலை கிடையாது என்று எழுத்தில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு தடவை அறுந்துவிட்டது.

"ரெண்டாவது தடவ ஒரு வயசான அம்மா. ரத்தம் இளக்குற மாத்திரை போடுறீங்களான்னு டாக்டர் கேட்டாரு. அந்தம்மா எனக்குப் பதில் சொல்லிட்டாங்க. நான் டாக்டருக்குச் சொல்ல வாயத் தொறக்கிறேன், அறுந்திருச்சு. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும் சேர். டாக்டருக்குத் தெரியாது. நான் இங்கன உக்காந்துகிட்டு என்ன செய்ய?"

செல்போனில் பேச வழியில்லை. பள்ளத்துக்குள் சிக்னல் வராது. மேலே கோயில் பாறையில் ஏறி நின்றால் வரும். ஆனால் நோயாளியின் விஷயத்தை மூடிய அறையில் மட்டுமே பேசலாம் என்பது ஒப்பந்தம்.

அவள் முதலில் வைத்திருந்தது ஆகக் குறைந்த வேகம். வேலை கிடைத்ததும் எதற்கும் இருக்கட்டுமென்று நடு வேகத்துக்கு மாறினாள். அதன் பிறகுதான் முதலாவது தடவை அறுந்தது. முறைப்பாட்டுக்குப் போன என் சக ஊழியர்களில் ஒருவர் கம்பத்தில் அளந்துவிட்டு, "லைன் நல்லாருக்கு, வேகத்தக் கூட்டிப் பாருங்க" என்றிருக்கிறார். கூட்டினாள். அந்தக் கம்பியில் கிடைக்கக்கூடிய ஆக உயர்ந்த வேகம். அடுத்த வாரமே இரண்டாவது தடவை.

நானும் அதே ஒழுங்கில் போனேன். முதலில் கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து, சோதனைக் கருவியை மாட்டினேன். எண்கள் அழகாக இருந்தன. வீட்டுக்குள் ரவுட்டரில் மாட்டினேன், அங்கேயும் அழகு. ரவுட்டர் ஜன்னல் ஓரத்தில், பக்கத்தில் சட்டி பானை எதுவும் இல்லை. குறிப்பேட்டில் ‘11.50, வெ, நன்று’ என்று எழுதினேன்.

"லைன்ல ஒண்ணும் இல்ல மேனகா" என்றேன்.

"இதத்தான் சேர் நாலு பேரும் சொன்னாங்க. உங்க மிசின் காலையில வருது. பனி மத்தியானத்துக்கு மேலதான் வருது."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. சாப்பிட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். இரண்டு மணி பத்துக்குப் பள்ளத்தின் வாயிலிருந்து பனி ஏறியது. கொழுந்து மலை மறைந்தது, லயத்து வாசல் மறைந்தது. ரவுட்டரின் பச்சை விளக்கு சிமிட்டியது, அணைந்தது, மறுபடி சிமிட்டியது. நாற்பது நிமிடத்தில் நான்கு தடவை. மேனகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அவளுக்கு ஒரு நீண்ட அழைப்பு இருந்தது. ஆபரேஷனுக்கு முன் ஒரு பெண்ணுக்கு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்கும் அழைப்பு. மற்ற வேலைகளைக் காலை நேரத்துக்கு மாற்றியிருந்தாள். இது டாக்டரின் நேரம், மாற்ற முடியாது.

அன்று சாயந்தரம் வீடு திரும்பி பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய குறிப்பேடு, மாசி மாதம், புதன்கிழமை: ‘கீழ்க்கணக்கு, 2ஆம் காம்பரா. புது இணைப்பு. ஒட்டு 1. ரோட்டிலிருந்து மூன்றாவது சவுக்கு. வெ. டீ நல்லா இருந்தது.’

அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டியூப் வெடித்திருக்கும். பனி வந்தால் ஈரம் உள்ளே இறங்கும். காலையில் காய்ந்துவிடும். முதல் இரண்டரை வருடம் ஒரு முறைப்பாடும் இல்லாததற்குக் காரணமும் தெரிந்தது. செப்புக் கம்பியில் குறைந்த வேகம் கம்பியிடம் கொஞ்சமாகத்தான் கேட்கும், பழுதுக்கும் இடம் மிச்சம் இருக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட, கம்பியின் முழுப் பலத்தையும் கேட்கும். ஒரு சொட்டு ஈரத்தைக்கூடத் தாங்காது. அவள் விலை கொடுத்து வாங்கிய ஒவ்வொரு வேகமும் அவளை என் ஒட்டின் மேல் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

யாருக்கும் சொல்லாமல் ஒட்டைப் புதிதாகக் கட்டிவிடலாம். நான் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒட்டு ஒட்டுதான், இன்னொரு மழைக்காலம் வரும். ஒரே முழுக் கம்பி இழுக்க வேண்டுமானால் அளவுக்கு மேல் கம்பி கேட்க வேண்டும், அதற்கு உண்மையான மீட்டரைச் சொல்ல வேண்டும். வியாழனுக்குள் வேகத்தைக் குறைப்பதற்கும் அபேசிங்க மாத்தயாவின் கையெழுத்து வேண்டும், காரணம் கேட்பார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது பொய்த்தாள் எழுதியவன் என்று பதிவு ஏறினால் என்னவெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு அவர் அறைக்குள் போய்க் குறிப்பேட்டைத் திறந்து மேசையில் வைத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மெதுவாக. அந்த இரண்டு வரியையும் விரலை ஓட்டி வாசித்தார். பிறகு பழைய வேலைத்தாளை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார்.

"மீட்டர் கீயத?"

"தாளில இருக்கிறது பொய் மாத்தயா. அதுக்கு மேல அறுபது அறுபத்தஞ்சு மீட்டர் போகும்."

தாள்களின் ஓரத்தைத் தட்டத் தொடங்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டல் நிற்கவே இல்லை.

"எத்தன வீட்டுல இப்பிடி?"

"என்னோடதுக்கு மட்டும் நான் சொல்றேன். குறிப்பேட்டுல எல்லாம் இருக்கு. மத்தவங்களப் பத்திக் கேக்காதீங்க மாத்தயா."

"கேக்கத் தேவையில்ல." தட்டல் நின்றது. "ஆறு பேரு வேல செய்றீங்க. ஆறு பேரோட தாளிலயும் எல்லா லயமும் கம்பத்துல இருந்து ஒரே தூரத்துல இருக்கு. நான் மலையப் பாத்தவன்."

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா கையெழுத்துப் போட ஏலாது. போடாட்டி அந்த வீட்டுக்கு லைன் இல்ல. அதனால தெரியாம இருந்தேன்" என்றார். தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க. கீழ நானும் எழுதுறேன்."

கம்பிச் சுருள் கண்டியிலிருந்து வர அடுத்த வாரமாகும். வேகத்தை அன்றைக்கே குறைக்கலாம், ஆனால் வாடிக்கையாளரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அலுவலக முகப்பில் இருந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். வேகத்தைக் கூட்டும் படிவம் கட்டுக்கட்டாக இருந்தது. குறைக்கும் படிவம் அலுமாரியின் அடியிலிருந்து வந்தது.

புதன்கிழமை காலை அந்தப் படிவத்தோடு லயத்துக்குப் போனேன். காமாட்சிக்கு அன்று வேலை இல்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டதும் சுளகைக் கீழே வைத்தார்.

"கூடக் கட்டியே வரல. கொறச்சா வருமா? என்னண்ணே, கொழுந்து நிறுக்கிற தராசு மாதிரி ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றீங்க?"

மேனகா படிவத்தை வாசித்தாள். "கூட்டுங்கன்னீங்க, கூட்டினேன். இப்பக் கொறைங்கன்னு வர்றீங்க. நாளைக்கு அறுந்தா யாரு சேர் எனக்குப் பதில் சொல்றது?"

"அறுந்ததுக்குக் காரணம் நான்தான்" என்றேன். ஒட்டைப் பற்றி முழுவதும் சொன்னேன். அதிகாரியிடம் சொன்னதைவிட அங்கே சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நான் ஒட்டுப் போட்ட அன்றைக்கு டீ ஊற்றிக் கொடுத்தவரே காமாட்சிதான்.

மேனகா படிவத்தை மடியில் வைத்தாள். பக்கத்துக் காம்பராவில் யாரோ பார்த்த படத்தின் சண்டைச் சத்தம் கேட்டது.

"வேகத்தக் கொறச்சா எப்பிடி நிக்கும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றாள் மேனகா.

"சந்தைக்குள்ள நின்னு ஒருத்தர் பேசுறாருன்னு வையி. நிதானமாப் பேசினா அந்த இரைச்சல்லயும் புரியும். கடகடன்னு பேசினா பாதி விழாது. ஒட்டுல ஈரம் எறங்கினா அதுவும் இரைச்சல்தான்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். "வேகமாப் பேசுறவங்க கிட்ட நான் அதத்தான் சேர் சொல்றது. தயவுசெய்து மெதுவாச் சொல்லுங்க, இல்லாட்டி நான் தப்பாச் சொல்லிருவேன்னு." பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தாள். "நான் பேசுறதுக்கு எவ்வளவு வேகம் வேணும்?"

"குரலுக்கா? இப்ப நீ கட்டுறதுல ஒரு மூலை போதும்."

"அப்ப மிச்சத்த யாரு பாவிச்சது?"

நான் காமாட்சியைப் பார்த்தேன். அவர் பக்கத்துக் காம்பராவைப் பார்த்தார். ஆறு வீட்டிலும் மேனகாவின் கடவுச்சொல் இருந்தது. லயத்தில் கேட்டால் இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. வேகம் குறைந்த பிறகு ஆறு வீடும் படம் பார்த்தால் அவள் குரலுக்கு இடம் இருக்காது.

படிவத்தைக் கொடுத்து வேகத்தைக் குறைக்க வைத்துவிட்டு, அன்று மத்தியானம் சவுக்கு மரத்தில் ஏறினேன். டியூப் நினைத்தபடியே வெடித்திருந்தது. உள்ளே கம்பி பச்சை பிடித்துப் போயிருந்தது. இரண்டு பக்கமும் வெட்டி, பசை நிரம்பிய சரியான இணைப்பியால் சேர்த்து, பெட்டிக்குள் மூடினேன். கம்பியின் தோல் மேலும் கீழும் வெடித்திருந்தது. சுருள் வரும் வரை அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. பிறகு சாய்வாக மழை. மூன்று இருபதுக்குக் காமாட்சி மலையிலிருந்து கூடையோடு நேராக வந்து, லயத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். ரோட்டில் நின்ற எனக்கு அவர் குரல் கேட்டது.

"மூணரைக்கு மேல எவனாச்சும் படம் பாத்தா, இனி எங்க வீட்டுப் பக்கம் நெருப்புக் குச்சிக்கும் வரக் கூடாது! சொல்லிட்டேன்! ஏய் சுந்தரம், உன்னத்தான்!"

"நான் செய்தி கேக்கிறேன் அத்த!"

"நாளைக்குக் கேளு. அதே செய்திதான் வரும்!"

நான் மூன்றாவது சவுக்கு மரத்தின் மேல், இடுப்புப் பட்டியில் சாய்ந்து நின்றேன். ஜன்னலில் ரவுட்டரின் பச்சை விளக்கு தெரியும் என்பதால் அந்தப் பக்கம் பார்த்து நின்றேன். மூன்று முப்பத்திரண்டுக்கு அது பச்சையாக எரிந்தது. மூன்று நாற்பதுக்கு ஜன்னலே தெரியவில்லை. மழைத்தண்ணீர் கம்பி வழியே பெட்டியை நோக்கி வழிந்தது. என் மழைச்சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

கீழே யாரோ வந்து நின்றார்கள். காமாட்சி. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை அவிழ்த்து மேலே நீட்டினார்.

"இதையும் போடுங்கண்ணே."

"வீட்டுக்குப் போங்க. நனையிறீங்க."

"வீட்டுக்குள்ள இருந்தா மூச்சு விடுற சத்தம் அவளுக்குக் கேக்குமாம்."

படங்கைப் பெட்டியில் சுற்றினேன். அதில் கொழுந்து வாடையும் புகையிலை வாடையும் இருந்தது. நான்கு மணி. நான்கு பத்து. விளக்கு எரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. என் விரல்கள் விறைத்துப்போயின. முப்பது வருடத்தில் போட்ட ஒவ்வொரு ஒட்டும் இதே மழையில் எங்கெங்கோ மரங்களில் நனைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். காமாட்சி மரத்தில் ஒரு கையை வைத்தபடி நின்றார்.

நான்கு இருபத்தெட்டுக்குப் பனிக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. மேனகா. காதுக் கருவி இன்னும் கழுத்தில் தொங்கியது.

"முடிஞ்சிருச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "ஒரு தடவகூட அறுந்து போகல. அந்த அக்கா எல்லாத்தையும் கேட்டாங்க, ரெண்டு ரெண்டு தடவ கேட்டாங்க. டாக்டர் சொன்னது எல்லாத்தையும் சொல்லிட்டேன். கையெழுத்து வச்சிட்டாங்க."

காமாட்சி மரத்தில் இருந்த கையை எடுத்தார். "அப்ப எறங்கி வாங்கண்ணே" என்றார். "என் படங்க விட்டுட்டு வந்திராதீங்க."

அடுத்த புதன்கிழமை சுருள் வந்தது. கம்பத்திலிருந்து வீடு வரை வெட்டாத ஒரே கம்பி. இந்தத் தடவை அளவு நாடாவால் அளந்து எழுதினேன். அபேசிங்க மாத்தயா தாளை வாங்கினார்.

"மீட்டர் கீயத?"

சொன்னேன். அனுமதித்த அளவுக்கு மிகவும் மேலான எண். அதை அவர் தாளில் சரிபார்த்து, தன் பெயரை முழுதாக எழுதி, சிவப்புக் கோட்டைப் போட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மீதியிருந்த ஒன்றரை வருடமும் என் குறிப்பேடுகளில் இருந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பிரித்தேன். கடைசி மூன்றை முடிக்காமலே ஓய்வு பெற்றேன். அவற்றின் விபரத்தை எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மரக்கறி வியாபாரிக்கு என் பதில் இதுதான். இப்போது செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வருகிறது. அதற்குள் பனி இறங்காது, தூரமும் அவ்வளவாகக் கணக்கில்லை. ஒரே நேரத்தில் பலர் படம் பார்க்கிற வீடு, பெரிய கோப்புகளை ஏற்றி இறக்கித் தொழில் செய்கிற வீடு, இவற்றுக்குக் கூடிய வேகம் தகும். ஒருவர் பேச, ஒருவர் படிக்க, செய்தி பார்க்க என்றால், ஆகக் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். மெதுவாக இருந்தால், கூடுதலாகக் கட்டுவதற்கு முன் ரவுட்டர் எங்கே இருக்கிறது, கடவுச்சொல் எத்தனை வீட்டில் இருக்கிறது, கம்பி எப்படி வருகிறது என்று பாருங்கள். கேட்டதும் ‘கூட்டுங்க’ என்பவரை, பனி இறங்கும் நேரத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மேனகா இன்னும் அதே வேலையில் இருக்கிறாள். போன மாதம் அவள் லயத்துக்கும் கண்ணாடி இழை வந்தது. பொருத்த வந்தவர் ஆக உயர்ந்த வேகத்தைச் சிபாரிசு செய்தாராம். அவள் ஆகக் குறைந்ததைத்தான் எடுத்தாள். அன்று சாயந்தரம் எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"வேல முடிஞ்சதும் தாளில கையெழுத்துக் கேட்டாரு சேர். மொதல்ல ரோட்டுல இருந்து வீடு வரைக்கும் என்னோட நடந்து வாங்கன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். மூணாவது சவுக்கு மரத்தையும் பாத்துட்டுத்தான் வச்சேன்."